பாட்டிலேயே கதை சொன்ன பினாங்குக்காரர்: பி. ரம்லியின் வாழ்வும் பார்க்க வேண்டிய படங்களும்

1973ஆம் ஆண்டு மே 29, செவ்வாய்க்கிழமை. கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் இருந்த தமது வீட்டில் மாரடைப்பு ஏற்பட்டு பி. ரம்லி காலமானார். அப்போது அவருக்கு வயது 44. அதற்குள் 66 படங்களில் நடித்திருந்தார். 34 படங்களை இயக்கியிருந்தார். 250க்கும் மேற்பட்ட பாடல்களைத் தந்திருந்தார்.

இன்று நோன்புப் பெருநாள் என்றாலும் சுதந்திர தினம் என்றாலும் தொலைக்காட்சியில் அவர் படம் ஒன்று ஓடும். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கும் நகரத்து அடுக்குமாடியில் வளர்ந்தவர்களுக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் பழக்கமானவை. மலாய் சரளமாக வராத நம் பாட்டிமார்கூட புஜாங் லாப்போக் மூவரின் சேட்டைகளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள்.

ஆனால் இறக்கும்போது அவர் கொண்டாடப்பட்டவராக இல்லை. கடைசிப் பத்தாண்டில் வெளிவந்த படங்கள் அடுத்தடுத்துச் சரிந்திருந்தன. காலம் கடந்துபோன கலைஞர் என்று ஒதுக்கப்பட்டிருந்தார். ஒரே மனிதர் எப்படி அந்த உயரத்துக்குப் போனார், எப்படிக் கைவிடப்பட்டார் என்பது அறிய வேண்டிய கதை. அந்த உயரத்துக்கு அவர் ஏறிய படிகளில் சில, சென்னையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வந்தவர்கள் போட்டவை. அதனால் இது நமக்கும் நெருக்கமான கதை.

கப்பலோட்டியின் மகன்

1929 மார்ச் 22ஆம் தேதி பினாங்கில் பிறந்தவர் தெக்கு சக்காரியா. தந்தை தெக்கு ஞாக் பூத்தே, சுமத்ராவின் ஆச்சே பகுதியில் உள்ள லோக்சுமாவேயிலிருந்து வந்த கப்பலோட்டி. தாயார் சே மா ஹுசேன், செபராங் பிறையைச் சேர்ந்தவர். பின்னாளில் பாடகரானபோது தந்தை பெயரின் பூத்தே என்பதன் முதல் எழுத்தை முன்னால் வைத்து, தம்மை வீட்டில் அழைத்த ரம்லி என்ற பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்டார். பி. ரம்லி என்ற பெயர் அப்படிப் பிறந்தது.

கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளி, பிரான்சிஸ் லைட் பள்ளி, பிறகு பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்று படித்தார். ஜப்பானியர் காலம் படிப்பைக் குலைத்தது. அந்த ஆண்டுகளில் ஜப்பானியக் கடற்படைப் பள்ளியிலும் சிறிது காலம் இருந்தார். ஏட்டுப் படிப்பைவிட இசைதான் அவரைப் பிடித்து வைத்தது. உக்குலேலேயில் தொடங்கி வயலின், பியானோ, சாக்சபோன் என்று ஒவ்வொன்றாகக் கைவரப் பெற்றார்.

அன்றைய பினாங்கு, பல இசைகள் ஒரே காற்றில் கலந்த ஊர். ஒரு தெருவில் குரோஞ்சோங், அடுத்த தெருவில் இந்துஸ்தானி, துறைமுகம் பக்கம் மேல்நாட்டு நடன இசை, பள்ளிவாசலையொட்டி அரபு ராகங்கள், கோவில் திருவிழாவில் நாதஸ்வரம். அந்த ஊரில் வளர்ந்த செவி அவருடையது. ஊர் இசைக்குழுக்களில் வாசித்தார், பாடினார். 1947இல் வட மலாயாப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு பெற்றார்.

அடுத்த ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விழாவில் அவர் பாடியதைக் கூட்டத்தில் இருந்த ஒருவர் கவனித்தார். அவர் இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். 1933இல் 'லைலா மஜ்னுன்' படத்தை எடுத்து மலாய்த் திரைப்படத்துக்குத் தொடக்கமிட்ட இந்தியர். அவருடைய அழைப்பை ஏற்று 1948 ஆகஸ்டில், 19 வயதில், ரம்லி சிங்கப்பூருக்குப் புறப்பட்டார்.

ஜாலான் அம்பாஸ்

சிங்கப்பூரின் பாலஸ்டியர் சாலையை ஒட்டிய சிறிய தெரு ஜாலான் அம்பாஸ். அங்கேதான் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்ஷன்ஸ் ஸ்டூடியோ இருந்தது. 1947 முதல் 1967 வரை 150க்கும் மேற்பட்ட மலாய்ப் படங்கள் அந்த வாசலிலிருந்து வெளிவந்தன.

முதல் போட்டவர்கள் சீனர்கள். திரையில் தோன்றியவர்கள் மலாய்க்காரர்கள். தொடக்க ஆண்டுகளில் இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். இந்தியாவில் படமெடுத்துப் பழகியவர்களைத் தேடிப் பிடித்து ஷா நிறுவனம் அழைத்து வந்தது. அவர்களில் பலருக்கு மலாய் தெரியாது. கதையை ஆங்கிலத்தில் எழுதி, வசனத்தை மலாயில் பெயர்த்துத் தரச் சொல்லி, பாவனையைக் கவனித்தே காட்சியை ஒப்புக்கொள்வார்கள்.

ரம்லி முதலில் அங்கே பின்னணிப் பாடகர்தான். 1948இல் வந்த 'சிந்தா' படத்தில் நாயகன் ரூமாய் நூருக்குக் குரல் கொடுத்தார். அதே படத்தில் சிறு வில்லன் வேடமும் கிடைத்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகள் இப்படியே போயின. திரையில் வேறொருவர் உதடு அசைக்க, அவருடைய குரல் மட்டும் அரங்குகளில் ஒலித்தது.

அந்தக் குரலுக்கு உரிய முகத்தைத் திரைக்குக் கொண்டு வந்தவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். மற்ற இந்திய இயக்குநர்களுக்கு இல்லாத ஒரு பலம் அவருக்கு இருந்தது. மலாய் மண்ணில் வளர்ந்ததால் அந்த மொழியும் வாழ்வும் அவருக்கு அந்நியமில்லை. 1950இல் அவர் முதன்முதலாக இயக்கிய படம் 'பக்தி'. மலாயில் அந்தச் சொல்லுக்குத் தொண்டு, கடமை என்ற பொருள். அதில் ரம்லியை நாயகனாக்கினார். நாயகனே சொந்தக் குரலில் பாடினார். தொடர்ந்து 'தக்டிர் இலாஹி', 'பெங்ஹிடுப்பான்' ஆகிய படங்களிலும் இருவரும் சேர்ந்தனர். பின்னணிப் பாடகர் நட்சத்திரமானார்.

இந்தியாவிலிருந்து வந்த பாடம்

கிருஷ்ணனுக்குப் பிறகு ரம்லியை இயக்கியவர்களின் பெயர்களைப் பார்த்தாலே அந்தக் காலம் புரியும். 1951இல் 'ஜுவித்தா', 1953இல் 'இபு' ஆகிய படங்களை எடுத்தவர் எஸ். ராமநாதன். 1952இல் 'பத்தா ஹத்தி' எடுத்தவர் கே.எம். பாஸ்கர். 1953இல் 'ஹுஜான் பானாஸ்' எடுத்தவர் பி.என். ராவ். 1941இல் ஜெமினி வெளியிட்ட 'மதனகாமராஜன்' தமிழ்ப் படத்தை இயக்கியவரும் இவரே. 1956இல் 'ஹங் துவா', 'அனாக்கு சசாலி' இரண்டையும் எடுத்தவர் வங்காளத்தைச் சேர்ந்த ஃபனி மஜும்தார். பாடகர் கே.எல். சைகல் நடித்துப் புகழ்பெற்ற 'ஸ்ட்ரீட் சிங்கர்' படம் அவருடைய கைவண்ணம்.

நமது பழைய தமிழ்ப் படங்களில் இயலும் இசையும் நாடகமும் ஒன்றாகவே நடக்கும். மேடை நாடகத்திலிருந்து வந்த சினிமா என்பதால் பாட்டு இல்லாத கதையை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மலாய் பங்சாவான் நாடக மேடையிலும் பாட்டுக்கு அதே இடம் இருந்தது. ஆகவே இந்திய இயக்குநர்கள் கொண்டு வந்த வடிவம் மலாய் ரசிகர்களுக்கு உடனே பிடித்துப்போனது.

ஆனால் ஒரு குறையும் இருந்தது. கதையும் உணர்ச்சியும் பல நேரங்களில் இந்தியப் படங்களின் நகலாக இருந்தன. மலாய்க் கம்போங்கில் நடக்காதது திரையில் நடந்தது. பாட்டு இனித்தாலும் கதையோடு ஒட்டாமல் தனியே நின்றது. மலாய்ப் பத்திரிகைகள் இதைக் கண்டித்து எழுதின; மலாய் இயக்குநர்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது.

ரம்லி இந்தக் குறையை உள்ளிருந்தே பார்த்தார். நடிக்காத நேரத்திலும் ஸ்டூடியோவை விட்டு நகராமல் கேமரா, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, திரைக்கதை என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். அந்த இயக்குநர்களிடம் பாடம் கேட்டார். அதே சமயம் அவர்கள் தவறவிட்டதையும் குறித்து வைத்துக்கொண்டார்.

சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் பாடினான்

1955இல் அவரே இயக்கிய முதல் படம் 'பெனாரிக் பெச்சா' வெளிவந்தது. பெச்சா என்பது மூன்று சக்கரச் சைக்கிள் ரிக்‌ஷா. அதை மிதித்துத் தாயைக் காப்பாற்றும் அம்ரான் என்ற ஏழை இளைஞன், கஞ்சப் பணக்காரரின் மகள் அசிசா. இவ்வளவுதான் கதை. ஏழை, பணக்காரர் என்ற அந்தப் பிரிவு இந்தியப் படங்களில் ஆயிரம் முறை வந்ததுதான். ஆனால் இந்தப் படத்தின் தெரு சிங்கப்பூர்த் தெரு. வீடு மலாய் வீடு. பேச்சு மக்கள் அன்றாடம் பேசிய பேச்சு.

பாட்டிலும் ஒரு மாற்றம் தெரிந்தது. அசிசாவின் பெயரிலேயே அமைந்த பாட்டை அம்ரான் பாடும்போது, நேரில் சொல்லத் துணியாத ஒன்றை இசையில் சொல்கிறான். அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் கதையில் ஒரு படி காணாமல் போகும். ரம்லி பின்னாளில் எடுத்த நல்ல படங்களிலெல்லாம் இதைக் காணலாம்.

அடுத்த ஆண்டே ஃபனி மஜும்தாரின் 'ஹங் துவா' வந்தது. ஜாலான் அம்பாஸின் முதல் வண்ணப் படம். அதன் இசைக்காக 1956ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் ரம்லி பரிசு பெற்றார். 'அனாக்கு சசாலி' படத்தில் தந்தை ஹசான், மகன் சசாலி என்று இரட்டை வேடம். இசைக்கலைஞனான தந்தை தாயில்லாப் பிள்ளையைச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடுகிறார். மகன் குற்றவாளியாகிறான். இறுதியில் தந்தையே அவனைப் போலீசில் பிடித்துக் கொடுக்கும் நிலை வருகிறது. இந்த நடிப்புக்காக 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நமது பெற்றோர் பலர் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லும் மலாய்ப் படம் இது.

சிரிக்க வைத்த மூவர்

1957இல் 'புஜாங் லாப்போக்' தொடங்கியது. ரம்லி, எஸ். ஷம்சுடின், அசிஸ் சத்தார் மூவரும் கையில் காசில்லாத, கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருக்கும் பிரம்மச்சாரிகள். வாடகை அறையில் குடியிருந்து, வேலை தேடி, காதலில் விழுந்து, அடிபட்டுத் திரும்புவார்கள். தொடர்ந்து 1959இல் 'பெண்டேக்கார் புஜாங் லாப்போக்', 1961இல் 'அலி பாபா புஜாங் லாப்போக்', 'செனிமான் புஜாங் லாப்போக்' ஆகியவை வந்தன.

சிரிப்புக்கு நடுவில் சொல்ல வேண்டியதையும் அவர் சொல்லிவிடுவார். 'பெண்டேக்கார்' படத்தில் எழுதப் படிக்கத் தெரியாத நாயகன் எழுத்தறிவின் அருமையை உணர்கிறான். வயதுவந்தோர் கல்வி வகுப்புகள் தீவிரமாக நடந்த காலத்தில் வந்த படம் அது. சிலாட் ஆசானிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்ட மூவரும் பிறகு மன்னிப்புக் கேட்பதே ஒரு பாட்டாக வரும். வசனத்தில் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துபோகும் மன்னிப்பு, பாட்டாக மாறியதால் அறுபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது.

'செனிமான்' படத்தில் மூவரும் நடிகராகும் ஆசையோடு ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ வாசலுக்கே வருகிறார்கள். படம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதை ஸ்டூடியோவுக்குள்ளேயே காட்டிக் கேலி செய்கிறார் ரம்லி. இரவில் வசனத்தை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால், ஒரு பக்கத்து வீட்டில் சண்டை, இன்னொரு பக்கம் ஊதுகுழல் பயிற்சி, கீழே மோட்டார் சைக்கிள் சத்தம். ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்த எவருக்கும் அந்தக் காட்சிக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

ஸ்டூடியோவுக்குள் நிலைமை அவ்வளவு சிரிப்பாக இல்லை. கலைஞர்கள் மாதச் சம்பளத்துக்கு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார்கள். படம் எவ்வளவு வசூலித்தாலும் அவர்களுக்குச் சம்பளம்தான். 1957இல் சிலர் வேலைநீக்கம் செய்யப்பட்டதைத் தொடர்ந்து கலைஞர்களும் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். திரையில் மின்னியவர்களும் கூலிக்காகப் போராட வேண்டியிருந்தது. தோட்டத் தொழிற்சங்கம் கண்ட நம் மக்களுக்கு இது புதிய செய்தியல்ல.

பார்வையைத் தொலைத்த சாக்சபோன் கலைஞன்

ரம்லியின் படங்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் 1962இல் வந்த 'இபு மெர்துவாக்கு' படத்தைப் பார்க்கலாம். தலைப்பின் பொருள் 'என் மாமியார்'. காசிம் செலாமாட் சிங்கப்பூரில் சாக்சபோன் வாசிப்பவன். வானொலியில் அவன் குரலைக் கேட்டே காதல் கொள்கிறாள் பணக்கார வீட்டுப் பெண் சபாரியா. பாட்டுக்காரன் மருமகனாவதா என்று தாயார் சீறுகிறாள். மகளைச் சொத்திலிருந்து ஒதுக்கி, திருமணம் செய்துவைத்து வெளியே அனுப்புகிறாள்.

இருவரும் பினாங்குக்குப் போகிறார்கள். மனைவிக்காக இசையையே விட்டுவிட்டுக் கூலி வேலை செய்கிறான் காசிம். வறுமை தாங்க முடியாமல், பிரசவத்துக்காகத் தாய் வீடு திரும்புகிறாள் சபாரியா. அவள் இறந்துவிட்டதாக மாமியார் பொய்ச் செய்தி அனுப்புகிறாள். அழுது அழுது காசிம் கண் பார்வையை இழக்கிறான். பினாங்கில் ஒரு விதவைத் தாயின் குடும்பம் அவனை ஆதரிக்கிறது. மறுபடி சாக்சபோனைக் கையில் எடுத்து வேறொரு பெயரில் புகழ்பெறுகிறான். அவனுக்குக் கண் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவரோ, சபாரியாவின் இரண்டாவது கணவர். பார்வை திரும்பியதும் அவன் காணும் உண்மையும், அதன்பின் தன் கண்களுக்கு அவனே செய்துகொள்ளும் கொடுமையும் மலாய்த் திரையின் மறக்க முடியாத காட்சி.

இந்தக் கதையில் இசை அலங்காரமாக வருவதில்லை. காதலைத் தருவது இசை. அவமானத்தைத் தருவதும் இசை. கலைஞன் அதை விட்டபோது பசி வந்தது. மறுபடி எடுத்தபோது மரியாதை வந்தது. இசைக்கலைஞனுக்கு இந்தச் சமுதாயம் என்ன மதிப்புத் தருகிறது என்ற கேள்விதான் படத்தின் உயிர். 1963இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில், பல துறை ஆற்றலுக்கான சிறப்பு விருது இந்தப் படத்துக்காக ரம்லிக்குக் கிடைத்தது. பாட்டு, இசை, நடிப்பு, இயக்கம் எல்லாம் ஒரே ஆளிடம் இருந்ததற்குச் சான்று அது.

இதே கேள்வியை 1960இல் 'அந்தாரா டுவா டார்ஜாட்' படத்திலும் அவர் எழுப்பியிருந்தார். அரச குலத்துப் பெண்ணும் சாதாரண இசைக்கலைஞனும் பியானோ வழியாக நெருங்குகிறார்கள். இன்றைக்கும் மேடைதோறும் பாடப்படும் 'கெத்தாரான் ஜீவா' அந்தப் படத்தின் பாட்டு. ஜீவன் என்ற நம் சொல்லுக்கு உறவான ஜீவா, மலாயில் உள்ளம், ஆன்மா என்று பொருள்படும்.

1961இல் பாடகி சலோமாவை ரம்லி திருமணம் செய்துகொண்டார். அது அவருடைய மூன்றாவது திருமணம். இரு குரல்களும் சேர்ந்து மலாய் இசைக்கு ஒரு காலத்தையே உருவாக்கின. 1962இல் அரசாங்கம் அவருக்கு ஏ.எம்.என் விருது வழங்கியது.

கோலாலம்பூரில் தேய்ந்த நிலா

அதற்குள் ஜாலான் அம்பாஸின் அடித்தளம் ஆடத் தொடங்கியிருந்தது. 1963இல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தொலைக்காட்சி வந்தது. இந்தோனேசியாவுடனான மோதலால் அந்தப் பெரிய சந்தை கைவிட்டுப் போனது. 1964இல் 'மடு தீகா', 'தீகா அப்துல்' என்ற இரு நகைச்சுவைப் படங்களைத் தந்துவிட்டு, ரம்லி சலோமாவுடன் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோ அவருடைய புதிய இடமானது. அவர் விட்டுவந்த சிங்கப்பூர் ஸ்டூடியோ 1967இல் மூடப்பட்டது.

அவர் இயக்கிய 34 படங்களில் 16 சிங்கப்பூரில் எடுக்கப்பட்டவை, 18 கோலாலம்பூரில். எண்ணிக்கையில் கோலாலம்பூர்தான் அதிகம். ஆனால் மக்கள் நினைவில் நிற்பவை பெரும்பாலும் சிங்கப்பூர்ப் படங்களே. மெர்டேக்கா ஸ்டூடியோவில் பழைய குழு இல்லை, தேர்ந்த தொழில்நுட்பக் கலைஞர்கள் போதவில்லை, செலவுக்குப் பணமும் குறைவு. அரங்குகளிலோ பம்பாயிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வண்ணப் படங்கள் வந்து குவிந்தன. வண்ணப் படம் இயக்கும் வாய்ப்பு ரம்லிக்குக் கடைசிவரை அமையவில்லை.

இளைஞர்களின் காதும் மாறியிருந்தது. பீட்டில்ஸ் அலையில் பிறந்த போப் யே யே இசை நாடெங்கும் பரவியது. கித்தாரோடு துள்ளிய தலைமுறைக்கு ரம்லியின் மெல்லிசை, அப்பா காலத்துப் பாட்டாகத் தெரிந்தது. 1966இல் ஏ.ஆர். தொம்பெல், இப்ராஹிம் டின் இருவரோடு 'டோ ரெ மி' என்ற புதிய மூவர் கூட்டணியைத் தொடங்கிப் பார்த்தார். பழைய மூவரின் இடத்தை அது எட்டவில்லை. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரெ மி' அவருடைய கடைசிப் படமாயிற்று.

லீலாவும் கமாலும்

கோலாலம்பூர்ப் படங்களில் தமிழ் வாசகர்கள் அவசியம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1968இல் வந்த 'கெரிமிஸ்'. தூறல் என்று பொருள். ஓவியனான மலாய் இளைஞன் கமாலாக ரம்லி நடித்தார். அவன் காதலிக்கும் இந்தியப் பெண் லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். இரு குடும்பங்களும் எதிர்க்கின்றன. காதலர்கள் எல்லாவற்றையும் துறந்து சேர்ந்து வாழத் துணிகிறார்கள்.

இந்தப் படம் வந்த மறு ஆண்டுதான் மே 13 கலவரம் நடந்தது. இனங்களுக்கு நடுவில் நெருப்பு கனன்றுகொண்டிருந்த காலத்தில், இரு வீட்டுப் பெரியவர்களின் பிடிவாதத்தையும் சரிசமமாக வைத்துப் பேசியிருக்கிறார் ரம்லி. இந்தியப் பெண்ணைச் சிரிப்புக்கான பாத்திரமாக்காமல், ஆசையும் மானமும் உள்ள நாயகியாகக் காட்டினார். இந்திய இயக்குநர்களிடம் தொழில் கற்றவர், பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஓர் இந்தியக் குடும்பத்தைத் தம் கதையின் நடுவில் வைத்தார். படத்தில் குறைகள் உண்டு. செலவில்லாமல் எடுத்தது என்பதும் தெரியும். ஆயினும் அன்று அதைச் சொல்ல வேறு எவரும் முன்வரவில்லை.

காலம் கடந்து வந்த மாலை

தமது கடைசி நாட்களில் அவர் விட்டுச்சென்ற பாட்டு என்று சொல்லப்படுவது 'ஆயேர் மாத்தா டி கோலாலம்பூர்'. கோலாலம்பூரில் கண்ணீர் என்று பொருள். அவர் மறைவுக்குப் பிறகு சலோமா அதைப் பாடினார். பத்தாண்டுகள் கழித்து 1983இல் சலோமாவும் காலமானார். இருவரும் ஜாலான் அம்பாங் முஸ்லிம் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

மரியாதைகள் அதன்பின் வரிசையாக வந்தன. 1982இல் கோலாலம்பூரின் ஜாலான் பெர்ரி, ஜாலான் பி. ரம்லி ஆனது. 1986இல் அவர் வாழ்ந்த செத்தாப்பாக் வீடு நினைவகமாகத் திறக்கப்பட்டது. 1990இல் டான்ஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பினாங்கில் அவர் பிறந்த வீடும் பாதுகாக்கப்பட்டு, பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. 2007இல் இஸ்தானா புடாயாவில் அவர் வாழ்க்கையே இசை நாடகமாக மேடையேறியது. பாட்டில் கதை சொன்னவரின் கதையையும் பாட்டிலேயே சொன்னார்கள்.

அந்த மாலைகளில் ஒன்றாவது 1973க்கு முன் அவர் கழுத்தில் விழுந்திருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியாது. வாய்ப்பு இல்லாமல் தவித்த கலைஞனுக்கு, இறந்தபின் சூட்டும் பட்டத்தைவிட உயிரோடு இருந்தபோது ஒரு வண்ணப் படச் சுருள் பயன்பட்டிருக்கும். நம் ஊர்களிலும் உறுமி மேளக் கலைஞர்கள், நாடகக்காரர்கள், வானொலிக் காலத்துப் பாடகர்கள் இருக்கிறார்கள். அவர்களை எப்போது நினைக்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

எதில் தொடங்கலாம்?

ரம்லியின் படங்களை முறையாகப் பார்க்க விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு வரிசை. குழந்தைகளோடு பார்ப்பதென்றால் 'செனிமான் புஜாங் லாப்போக்' அல்லது 1962இல் வந்த 'லாபு டான் லாபி'. கஞ்ச முதலாளியிடம் வேலை பார்க்கும் இரு வேலைக்காரர்கள் இரவில் காணும் பகற்கனவுகள்தான் பின்னதன் கதை. அடுத்து 'பெனாரிக் பெச்சா' பார்த்தால் அவர் எங்கே தொடங்கினார் என்பது தெரியும். பிறகு 'அனாக்கு சசாலி'. பிள்ளை வளர்ப்புப் பற்றி வீட்டில் ஒரு பேச்சு எழும்.

இசைக்காகவே பார்ப்பவர்கள் 'அந்தாரா டுவா டார்ஜாட்', 'இபு மெர்துவாக்கு' இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். போர்க்காலக் கதை வேண்டுமென்றால் 1958இல் வந்த 'சார்ஜன் ஹசான்'. 'துங்கு செக்கெஜாப்' என்ற புகழ்பெற்ற பாட்டு அதில்தான் இருக்கிறது. கடைசியாக 'கெரிமிஸ்'.

மலாய் முழுதும் புரியவில்லையே என்று தயங்க வேண்டாம். மலாய் தெரியாத இயக்குநர்களே பாவனையைப் பார்த்து, பாட்டைக் கேட்டு எடுத்த மரபில் வந்த படங்கள் இவை. பாட்டு வரும் இடத்தில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். ரம்லி படத்தில் கதையின் முக்கியமான செய்தி அங்கேதான் இருக்கும்.